ஒரு டாலர் தகரக் கடிகாரம்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேலை எதுவும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். அங்கே நாற்பது வருடப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். படகின் உடம்பு திடமாக இருக்கிறதாம். கருவிகள்தான் ஒன்றும் வேலை செய்யவில்லை. ஆழம் காட்டுவது, வேகம் காட்டுவது, காற்றைக் காட்டுவது எல்லாமே அணைந்துபோன திரைகள். எல்லாவற்றையும் ஒரே ஒயரில் கோத்து வரும் புதுத் தொகுதிக்கு விலை கேட்டிருக்கிறான். படகு விலையில் பாதி சொன்னார்களாம்.

"டீச்சர், தீர்க்கரேகைக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நீங்கதான். எதை வாங்கணும், எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க" என்று போனில் சிரித்தான்.

நான் கடலில் போனவள் இல்லை. கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி. ஆனால் இதே கேள்வியை 130 வருடங்களுக்கு முன் ஒரு மனிதர் தனக்குத்தானே கேட்டு, ஒரு விடை கண்டுபிடித்து, அந்த விடையோடு தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறார். அவர் கதையை அவனுக்குச் சொன்னேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844-ல், இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கடலுக்குப் போய், படிப்படியாக உயர்ந்து, பெரிய பாய்மரக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனார். கூடவே கப்பலில் வாழ்ந்த மனைவி விர்ஜினியா 1884-ல் புவனஸ் அயர்ஸில் இறந்துபோனார். 1887 கடைசியில் அவருடைய கப்பல் பிரேசில் கரையில் மணல்திட்டில் ஏறி உடைந்தது. கிடைத்த மரத்தைக் கொண்டு ஒரு சிறு படகு கட்டி, குடும்பத்தோடு அதில் ஏறி ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து பார்த்தால் காலம் மாறியிருந்தது. நீராவிக் கப்பல்கள் கடலைப் பிடித்துக்கொண்டன. பாய்மரம் தெரிந்த கேப்டனுக்கு வேலை கொடுப்பார் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், கற்ற தொழிலுக்கே இடம் இல்லாமல் நின்றார். நம்மில் சிலருக்கு அந்த நிலை புரியும்.

1892-ல் ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கேப்டன், "உனக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும்" என்ற மாதிரி சொல்லி அவரை அனுப்பிவைத்தார். மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்ற ஊரில் போய்ப் பார்த்தால், வயல்வெளியில் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு கிழட்டுப் படகு. சிப்பி வாரப் பயன்பட்ட படகு என்று சொல்வார்கள். பெயர் ஸ்ப்ரே. பல வருடமாகத் தண்ணீரைப் பார்க்காதது. ஊர்க்காரர்கள், உடைத்து விற்கத்தான் ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

ஸ்லோக்கம் தானே ஓக் மரம் வெட்டினார். ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, புதுப் பலகை வைத்தார். 13 மாத வேலை. பொருள்களுக்கு ஆன மொத்தச் செலவு 553 டாலர் 62 சென்ட் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். நம் பள்ளி வகுப்பறை இரண்டைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

படகு தயார். இனிக் கருவிகள்.

கரை தெரியாத இடத்தில் போகிற எந்தப் படகுக்கும் நாலு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். எந்தத் திசையில் போகிறேன்? எவ்வளவு தூரம் வந்தேன்? காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம்? இந்த உலக உருண்டையில் எந்த இடத்தில் நிற்கிறேன்?

முதல் கேள்விக்குத் திசைகாட்டி. இரண்டாவதற்கு, படகின் பின்னால் நீளக் கயிற்றில் இழுபட்டுக்கொண்டே சுழலும் ஒரு சின்ன விசிறி. அது எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒரு முள் மைல் கணக்காகக் காட்டும். மூன்றாவதற்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு. நம் மீனவர்கள் இரண்டு கையையும் விரித்து 'பாகம்' என்று அளப்பார்களே, அதே அளவுதான் அந்தக் கயிற்றுக்கும். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால், அடியில் இருப்பது மணலா, சேறா, சிப்பியா என்பதும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். இந்த மூன்றிலும் சிக்கல் இல்லை. எல்லாம் எளிமை, எல்லாம் தனித்தனி. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும்.

நாலாவது கேள்வியில்தான் வம்பு.

பிள்ளைகளே, நான் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அட்சரேகை சுலபம். உச்சிப்பொழுதில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்ட் வைத்து அளந்தால் போதும். தீர்க்கரேகைக்கு மட்டும் மணி தெரிய வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இங்கே உச்சிப்பொழுது ஆகும்போது கிரீன்விச்சில் என்ன மணி என்று தெரிந்தால், வித்தியாசத்தை வைத்து நாம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். நம் நாட்டு நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்தி இருப்பது, 82½ பாகை கிழக்கை வைத்துக் கணக்கிட்டதால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு இரக்கம் இல்லாதது. கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும். பூமத்திய ரேகையில் ஒரு பாகை என்பது 111 கிலோமீட்டர். வெறும் 4 வினாடி பிசகினாலே ஒரு கடல் மைல். இருக்கும் இடம் தெரியாமல் 1707-ல் இங்கிலாந்தின் சில்லித் தீவுப் பாறைகளில் நாலு போர்க்கப்பல்கள் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் செத்தார்கள். 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகைக்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று சட்டம் போட்டது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் வாழ்நாள் முழுவதும் உழைத்து, கடலில் பிசகாத கடிகாரம் செய்தார். அவருடைய நாலாவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாளில் சுமார் 5 வினாடிதான் பிசகியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் குரோனோமீட்டர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குரோனோமீட்டர் சரியான மணியைக் காட்ட வேண்டும் என்பதில்லை. தினமும் ஒரே அளவு பிசக வேண்டும். தினம் 3 வினாடி தாமதம் என்று தெரிந்துவிட்டால், நாளைப் பெருக்கிக் கூட்டிக்கொள்ளலாம். அந்த அன்றாடப் பிசகைக் கண்டுபிடித்து எழுதித் தருவதற்கென்றே துறைமுகங்களில் ஆள் இருந்தார்கள்.

ஸ்லோக்கமிடம் நல்ல குரோனோமீட்டர் ஒன்று இருந்தது. வெகு நாளாக ஓடாமல் கிடந்தது. துடைத்து, பிசகு பார்த்துத் தர 15 டாலர் ஆகும் என்றார்கள். படகு முழுவதற்கும் ஆன செலவில் அது 37-ல் ஒரு பங்கு. அவர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அப்போது வயது 51. அட்லாண்டிக்கைக் கடக்கும் முன் கடைசியாக நோவா ஸ்கோஷியாவின் யார்மத் துறையில் நின்றார். வெண்ணெய், ஒரு பீப்பாய் உருளைக்கிழங்கு, ஆறு பீப்பாய் தண்ணீர். இவற்றோடு ஒரு தகரக் கடிகாரமும் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். பயணம் முழுவதற்கும் அவரிடம் இருந்த கடிகாரம் அது ஒன்றுதான்.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். "பார்த்தீர்களா, ஒரு டாலர் கடிகாரத்தோடு உலகத்தையே சுற்றினார், சிக்கனம் என்றால் இதுதான்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நிமிடக் கணக்கே நம்ப முடியாத தகரக் கடிகாரத்தை வைத்துத் தீர்க்கரேகை போட முடியாது. பிறகு எப்படிப் போனார்?

கடிகாரம் செய்ய வேண்டிய வேலையை அவர் வேறு இரண்டு இடத்தில் ஒப்படைத்திருந்தார். ஒன்று அன்றாடக் கணக்கு. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் போனோம் என்று நாள் தவறாமல் எழுதிக்கொண்டே போவது. மணிக்கணக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதால், அதற்குத் தகரக் கடிகாரமே தாராளம். இரண்டாவது, நிலா.

நிலா வானத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்கிறது. மணிக்கு அரைப் பாகை, அதாவது கிட்டத்தட்ட தன் அகலம் அளவு. சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் செக்ஸ்டன்ட் வைத்து அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டால் கிரீன்விச் மணி கிடைத்துவிடும். வானமே கடிகாரம், நிலாதான் முள். 1767-ஆம் ஆண்டுக்கான நாட்டிகல் அல்மனாக்கிலேயே இதற்கான அட்டவணை அச்சாகிவிட்டது. ஆனால் கணக்கு நீளமானது, கடினமானது. அளப்பதில் ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு தவறினால் தீர்க்கரேகையில் அரைப் பாகை தவறிவிடும். குரோனோமீட்டர் மலிவானதும் மாலுமிகள் இந்த முறையைக் கைவிட்டார்கள். ஸ்லோக்கம் காலத்தில் அது தெரிந்தவர்கள் அபூர்வம்.

1896-ல் தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவிலிருந்து பசிபிக் கடலில் இறங்கினார். 43-ஆம் நாள் வானம் தெளிவாக இருந்தது. செக்ஸ்டன்டை எடுத்து நிலாவையும் சூரியனையும் அளந்தார். கணக்குப் போட்டால், அன்றாடக் கணக்கு காட்டிய இடத்துக்குப் பல நூறு மைல் மேற்கே விடை வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இன்னும் கவனமாக அளந்தார். அதே விடை.

இந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மைல் தண்ணீர். கேட்க ஆள் இல்லை. ஒரு பக்கம் 43 நாளாகத் தான் எழுதிய கணக்கு. மறுபக்கம் அறிஞர்கள் தயாரித்து அச்சிட்ட அட்டவணை. இரண்டில் ஒன்று பொய். நானாக இருந்தால் என் கணக்கைத்தான் சந்தேகித்திருப்பேன்.

அவர் அட்டவணையைச் சந்தேகித்தார். உட்கார்ந்து அதைச் சோதித்தார். தான் எடுத்த மடக்கை எண் இருந்த பத்தியிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்திக் கணக்குப் போட்டபோது, இரண்டு விடைக்கும் வித்தியாசம் 5 மைலுக்குள் வந்தது. மார்க்கசஸ் தீவுகளில் ஒன்றான நுக்கு ஹிவா கண்ணில் பட்டது. அதற்கு நேரே வந்தபோது பார்த்தால், உண்மையான இடம் அவருடைய இரண்டு விடைக்கும் நடுவில் இருந்தது. அங்கே நிற்காமலே சமோவாவுக்குப் போனார். மொத்தம் 72 நாள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய தப்பு ஞாபகம் வரும். இன்று அதையும் எழுதிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி. 82½ பாகை கிழக்கில் பகல் 12 மணி என்றால், 30 பாகை மேற்கில் என்ன மணி? ஒரு பையன் காலை 4.30 என்று எழுதியிருந்தான். என் கையில் இருந்த அச்சிட்ட விடைக்குறிப்பில் காலை 8.30 என்று இருந்தது. நான் தப்புப் போட்டேன். அவன் எழுந்து, "டீச்சர், கிரீன்விச்சைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும்ல, கூட்டத்தானே செய்யணும்?" என்று கேட்டான். "புக்குல போட்டிருக்கு, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 112½ பாகை, 450 நிமிடம், ஏழரை மணி நேரம். அவன் சொன்ன 4.30-தான் சரி. விடைக்குறிப்பில் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டார்கள். விடைத்தாள் எல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. வகுப்பு முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லாமலே விட்டுவிட்டேன். தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. படித்தால் உன் மதிப்பெண் இரண்டையும் இப்போது வாங்கிக்கொள். என்னையும் மன்னித்துக்கொள்.

சரி, ஸ்லோக்கமிடம் திரும்புவோம். சமோவாவில், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி, காலமான தன் கணவர் வைத்திருந்த கடல்வழிக் கையேடுகளை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதுவும் பழைய பொருள்தான், ஆனால் சேர வேண்டிய கையில் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் வரும்போது தகரக் கடிகாரத்தின் நிமிட முள் போய்விட்டது. கடிகாரம் நின்றதும் அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தார்! அழுக்கு போய் மறுபடி ஓடியது. மணி முள் ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டார். 1898 ஜூன் 27-ல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைக்கு வந்து சேர்ந்தார். மூன்று வருடம், இரண்டு மாதம், 46,000 மைல். தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

கதையின் கடைசியையும் மறைக்கக் கூடாது. 1909 நவம்பரில் அதே ஸ்ப்ரேயில் தனியாகப் புறப்பட்டவர் திரும்பி வரவே இல்லை. என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. எளிய கருவி வைத்திருந்தால் ஆபத்து வராது என்று நான் சொல்ல வரவில்லை.

அவரோடு இந்தப் பழக்கம் முடிந்துவிடவும் இல்லை. 1968-ல் ஒன்பது பேர் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டிக்குக் கிளம்பினார்கள். முடித்தவர் ஒருவர்தான், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 32 அடிப் படகு சுஹாய்லி நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. வழியில் வானொலி செத்தது. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்தது. செக்ஸ்டன்டும் குரோனோமீட்டரும் கொண்டு வழி கண்டு, பாய்களைச் சமன்செய்து படகைத் தானே நேராகப் போகவைத்து, 312 நாளில் ஊர் சேர்ந்தார். அதன் நினைவாக 2018-லும் 2022-லும் நடந்த போட்டிகளில் ஜி.பி.எஸ். பார்க்கக் கூடாது, செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான் என்று விதி வைத்தார்கள். 2018-ல் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி, சுஹாய்லியைப் போலவே கோவாவில் கட்டிய துரீயா படகில் போனார். புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, நடுக்கடலில் மீட்கப்பட்டார். நடக்கப் பழகி, மறுபடி 2022 போட்டிக்குப் போய் இரண்டாவதாக வந்தார். அந்தப் படகுகளிலும் ஆபத்துக்கென்று முத்திரை வைத்த ஜி.பி.எஸ். பெட்டியும், கரையிலிருந்து பின்தொடரும் கருவியும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் மாணவனிடம் சொன்னது இதுதான்.

எந்தக் கருவி வாங்கினாலும் மூன்று கேள்வி கேள். மற்றது எல்லாம் செத்தாலும் இது தனியாக வேலை செய்யுமா? இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியுமா? இது பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க என்னிடம் இரண்டாவது வழி உண்டா? காந்தத் திசைகாட்டியை முதலில் சரிசெய். ஆழமானி ஒன்று தனியாக வாங்கு, கூடவே ஈயக்குண்டுக் கயிறும் வைத்துக்கொள். பேட்டரியில் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ். இருக்கட்டும். காகித வரைபடம் இருக்கட்டும். ஒவ்வொரு மணிக்கும் இருக்கும் இடத்தை நோட்டில் எழுது. அந்த நோட்டு இருந்ததால்தான் ஸ்லோக்கம் அட்டவணையின் பிழையைப் பிடித்தார். காற்றுமானியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காற்றைச் சொல்லக் கன்னம் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் உதவி கேட்கும் கருவியில் மட்டும் ஒரு பைசா மிச்சம் பிடிக்காதே. ஸ்லோக்கமுக்கு அது கிடைக்கவில்லை, உனக்குக் கிடைக்கிறது. உன் பெண்டாட்டி பிள்ளை கரையில் இருக்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சர், செக்ஸ்டன்ட் ஒண்ணு பழசு கிடைக்குது. வாங்கட்டுமா?" என்றான். வாங்கு, ஆனால் கணக்குப் போட வருமா என்று கேட்டேன். மறந்துவிட்டதாம். அதனால் இப்போது ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் வகுப்பு நடக்கிறது. வட்டம் போட்டு, 15 பாகையில் ஆரம்பித்திருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் சேரலாம். கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதில் தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்